வலது கைக்கான ஜாய்ஸ்டிக்

பிடித்தால் கையில் ஒட்டுகிறது. சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் விரலிடுக்கில் ஒரு பிசுபிசுப்பு மிச்சமிருக்கிறது. வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டுக்கு வைத்துக்கொள்ளும் ஜாய்ஸ்டிக் அது. கனமான அடிப்பாகம், அதன்மேல் நிமிர்ந்து நிற்கும் ஒரு கைப்பிடி, எல்லாம் கறுப்பு. வாங்கிய நாளில் அந்தக் கைப்பிடியின்மேல் மெத்தென்று ரப்பர் பூச்சு இருந்தது. தொட்டதும் மயங்கிப்போனேன். எங்கள் தீவின் ஈரக்காற்றில் அந்த மாதிரிப் பூச்சு சில வருடங்களில் வெல்லப்பாகாக இளகிவிடும் என்று அன்று எனக்குச் சொல்ல ஆளில்லை. இன்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். எந்த ஜாய்ஸ்டிக்கை வேண்டுமானாலும் வாங்குங்கள், ரப்பர் பூசியதை மட்டும் வாங்காதீர்கள்.

இது என்னிடம் திரும்பி வந்ததே ஒரு பெரிய சுற்று. அக்கா இப்போது கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். எங்கள் அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவர் விடுமுறையில் அந்தப் பக்கம் போயிருந்தார். போர்ட் பிளேரிலிருந்து மெயின்லேண்ட் போகும் யாரும் தனக்காக மட்டும் போய்வர முடியாது. போகும்போது இன்னொருவர் வீட்டுக் கருவாடு, திரும்பும்போது இன்னொருவர் வீட்டு மிக்ஸி ஜார், மூக்குக் கண்ணாடி, மருந்து என்று சுமந்துதான் ஆகவேண்டும். அவர் கொண்டுவந்து கொடுத்த பையில் பருப்புப் பொடியும் முறுக்கும் எனக்கு ஒரு பருத்திப் புடவையும் இருந்தன. அடியில் பழைய துண்டில் சுற்றி இந்த ஜாய்ஸ்டிக். இதைப் பிடித்து ஓட்டிய கைக்குச் சொந்தக்காரர் போன மழைக்காலத்தில் இறந்துபோனார். அவர் என் அத்தான், அக்காவின் கணவர். செய்தி வந்த அன்று விமானத்தில் இடமில்லை. மறுநாள் மழையில் விமானமே இல்லை. அவருடைய இறுதிக் காரியங்களைக் கைப்பேசித் திரையில்தான் பார்த்தேன், அதுவும் படம் நின்று நின்று வந்தது. தீவில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் பழக்கம்தான். பழகிவிட்டதால் லேசாகிவிடுவதில்லை.

அத்தான் ஹேடோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவருடைய அப்பா இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர். அத்தான் அங்கிருந்து போர்ட் பிளேருக்கு வந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கச் சேர்ந்து, படிப்படியாகக் கிரேன் மேலே ஏறினார். நாங்கள் ராமநாதபுரத்துப் பக்கம். அப்பா அரசு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அத்தானின் தோட்டத்துத் தமிழை அக்கா கேலி செய்வாள், அக்காவின் தமிழை அத்தான் கேலி செய்வார். சண்டை வந்தால் மட்டும் இருவரும் இந்திக்குப் போய்விடுவார்கள். அது இருவருக்கும் சொந்தமில்லாத மொழி என்பதால் சண்டைக்கு வசதியாக இருந்திருக்க வேண்டும்.

அவருக்குத் தன் வேலையில் பெருமை உண்டு. கிரேன் கூண்டில் இரண்டு பக்கமும் இரண்டு நெம்புகோல்கள். இடதுகைப் பக்கம் இருப்பது கிரேனைத் திருப்புவதற்கு. வலதுகைப் பக்கம் இருப்பது சுமையைத் தூக்கி இறக்குவதற்கு. மெயின்லேண்ட் கப்பலில் வந்து இறங்காத பொருள் எதுவும் எங்கள் வீடுகளில் இல்லை. “ஊரு திங்கிற அரிசி பூராவும் இந்த வலது கையில தொங்கிட்டுத்தான் எறங்குது தங்கச்சி” என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொல்வார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதை அவள் ஆயிரம் தடவை கேட்டிருப்பாள்.

அந்தக் கைதான் ஒரு காலையில் தேநீர்க் குவளையைப் பிடிக்கமாட்டேன் என்றது. குவளை கீழே விழுந்தது, அதை எடுக்கக் குனிந்தவரும் விழுந்தார். வாதம். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பகலில் அக்கா, மாலையில் அலுவலகம் முடிந்து நான் என்று மாற்றி மாற்றி இருந்தோம். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். தனி ஆள் என்றால் எல்லோருக்கும் ஆள் என்றுதான் எங்கள் குடும்பத்தில் அர்த்தம். வாய் கோணல் சீக்கிரம் சரியாகிவிட்டது. கால் இழுத்துக்கொண்டே நடக்கப் பழகிவிட்டது. கை மட்டும் மடியில் கிடந்தது. விரல்கள் மெல்ல மடங்கும், ஆனால் அவர் சொல்கிற நேரத்தில் மடங்காது. விடுப்பு முடியும்போது மருத்துவக் குழு அவரைப் பார்க்கும். கை பிடித்தால் கிரேன், பிடிக்காவிட்டால் கீழே ஏதாவது ஒரு மேசை. அத்தானுக்கு அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை.

பிசியோதெரபிக்காரர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொன்னார். அத்தான் அதைத் தொடமாட்டார். “இது என்ன, பால்வாடிப் புள்ளைக்குக் குடுக்கறாப்ல” என்று கட்டிலுக்கு அடியில் உருட்டிவிடுவார். அக்கா மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபோது தன் பழைய கணினியை வீட்டில் விட்டுப் போயிருந்தாள். ஒருநாள் போனில் அவள்தான் சொன்னாள், அதில் விமானம் ஓட்டும் விளையாட்டு இருக்கிறது, ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கிக் கொடுத்தால் அப்பா பிடிப்பார், லீவர் என்றால் அவருக்குப் பிடிக்குமே என்று. அபர்தீன் பஜாரில் ஒரு கடையில் தூசி படிந்த பெட்டியில் ஒன்றே ஒன்று கிடைத்தது. பொம்மை மாதிரி இலேசானது. மேசையில் ஒட்டிக்கொள்ள அடியில் ரப்பர் குமிழ்கள் இருந்தன. எங்கள் ஊர் ஈரத்தில் சன்மைக்கா மேசையில் அவை எதுவும் ஒட்டவில்லை. அத்தான் கையை அதன்மேல் வைத்து இழுத்தால் ஜாய்ஸ்டிக் மொத்தமும் கையோடு சாய்ந்து வந்தது. அடிப்பாகத்தைக் கயிறு போட்டு மேசைக்காலோடு கட்டினேன்.

அதற்கு இன்னொரு வியாதியும் இருந்தது. கையை எடுத்துவிட்டாலும் திரையில் விமானம் இடது பக்கமே சாய்ந்துகொண்டு போகும். அத்தான் நேராக்குவார், அது மறுபடி சாயும். தன் கைதான் இழுக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லாமல் நாள்கணக்கில் அதோடு போராடியிருக்கிறார். ஒரு மாலை நான் போனபோது கையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். விமானம் தன்பாட்டுக்குச் சுற்றிச் சுற்றிக் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. “கையை எடுத்துட்டேன் தங்கச்சி. எடுத்த பொறவும் சாயுது” என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அந்த வருடம் நான் பார்க்கவே இல்லை. மகளைக் கூப்பிட்டுக் கேட்டோம். உள்ளே உராயும் பாகம் தேய்ந்தாலோ உப்புக்காற்றில் களிம்பேறினாலோ அப்படி ஆகும், காந்தத்தால் வேலை செய்யும் வகை என்றால் தேயாது என்றாள். இனி வாங்கினால் அதுதான் வாங்கவேண்டும் என்று முடிவானது. இங்கே கிடைக்காது, மெயின்லேண்டிலிருந்துதான் வரவேண்டும்.

அந்தச் சமயம் பார்த்து எனக்குச் சென்னையில் அலுவலகப் பயிற்சி வந்தது. அத்தான் என்னை உட்காரவைத்து வகுப்பு எடுத்தார். அடிப்பாகம் கனமாக இருக்கவேண்டும். ஸ்பிரிங் கிரேன் லீவர் மாதிரி விறைப்பாக இருக்கவேண்டும். கைப்பிடி வலது கைக்கென்றே வார்த்ததாக இருக்கவேண்டும், உள்ளங்கை உட்காரப் பள்ளமும் கட்டைவிரலுக்கு மேடையுமாக. “லூசா இருந்தா கை சோம்பேறியாயிரும். டைட்டா இருக்கணும், டீக் ஹை?” என்றார். மகளோ போனில் நேர்மாறாகச் சொல்லியிருந்தாள். பலமில்லாத கைக்கு இலேசான ஸ்பிரிங்தான் சரி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் கைப்பிடி என்றால் எந்தக் கையாலும் பிடிக்கலாம் என்று. அவள் சொன்னதுதான் நியாயம் என்று எனக்கும் தெரியும்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் அக்கா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். குக்கர் சத்தத்தில் பேசினால் வெளியே கேட்காது என்று நினைத்தாளோ என்னவோ, விசில் வரும்வரை காத்திருந்து பேசினாள்.

“ரெண்டு கைக்கும் ஆகுறதா பாத்து வாங்கிட்டு வா. வலது கைக்குன்னே இருக்கிறத வாங்கிராத.”

“அவரு அதைத்தானேக்கா கேக்குறாரு?”

“டாக்டர் எங்கிட்டத் தனியாச் சொல்லிட்டாருடி. கிரேன் புடிக்கிற அளவுக்கு அந்தக் கை வராது. இடது கையில பழகிக்கிட்டா மனசு ஆறிரும். நீ வேற ஆசையை வாங்கிட்டு வந்து வீட்டுல வைக்காத.”

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அவர் முன்னாலும் தலையாட்டியிருந்தேன்.

பயிற்சி முடிந்த நாளில் ரிச்சி தெருவுக்குப் போனேன். கூட்டமும் வெயிலும் தலைமேல் தொங்கும் வயர்களுமாக, அந்தத் தெருவே ஒரு கணினியைப் பிரித்துப் போட்டதுபோல இருந்தது. நாலைந்து கடை ஏறி இறங்கியதில் காலெல்லாம் வீங்கிவிட்டது. ஒரு கடையில் இரண்டை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்கள். இரண்டுமே காந்த வகை. ஒன்று இருபக்கமும் ஒரே மாதிரி, மெலிந்த கைப்பிடி, தொட்டால் சாயும் ஸ்பிரிங். இன்னொன்று கனம், விறைப்பு, வலது உள்ளங்கைக்கென்றே வார்த்தது. “யாருக்கு மேடம்? ரைட் ஹேண்டா, லெஃப்ட் ஹேண்டா?” என்று கடைக்காரர் கேட்டார். அவர் கேட்டது சாதாரணக் கேள்விதான். எனக்கு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழலாம்போல இருந்தது. அந்த வருடம் முழுக்க ஆஸ்பத்திரி வரிசையிலும் கப்பல் டிக்கெட் வரிசையிலும் நின்ற அலுப்பெல்லாம் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்ததுபோல வந்து நின்றது.

எங்கள் தீவில் ஒரு வழக்கம் உண்டு. மெயின்லேண்டிலிருந்து எது வாங்கினாலும் ஒரு அளவு பெரிதாக வாங்குவோம். பள்ளிச் சட்டை தொளதொளவென்று இருக்கும், ஷூவின் முனையில் பஞ்சு அடைத்திருக்கும். திருப்பிக் கொடுக்கவோ மாற்றவோ வழியில்லாத ஊரில் இன்றைய உடம்புக்கு வாங்கினால் கட்டாது, வளரப்போகும் உடம்புக்கு வாங்கவேண்டும். நாங்களெல்லாம் அப்படி வளர்ந்தவர்கள்தான். கடையில் நின்ற எனக்கு யோசிக்கத் தெம்பில்லை. கை பழக்கப்படி போனது. வலது கைக்கானதை எடுத்தேன், விறைத்த ஸ்பிரிங்கோடு, மெத்தென்ற ரப்பர் பூச்சோடு. இன்றைய கைக்கு அது பெரிது. வளர்ந்து வரப்போகும் கைக்குச் சரியாக இருக்கும். நம்பிக்கை இருந்து வாங்கினேன் என்று சொல்லமாட்டேன். வேறு மாதிரி வாங்க எனக்குத் தெரியாது.

விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொன்னார்கள். காவலர் அதை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, “யே க்யா ஹை?” என்று கேட்டார். “கேம் கா ஹை” என்றேன். இந்த வயதில் விளையாட்டா என்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு விட்டார்.

பெட்டியைப் பிரித்ததும் அத்தான் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். இடது கையால் வலது கையைத் தூக்கி அதன்மேல் வைத்தார். உள்ளங்கை பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. “இது சாமான்” என்றார். அக்கா வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். அன்று எனக்குக் காப்பி வரவில்லை.

அதற்குப் பிறகு ஹேடோ குடியிருப்பில் அந்த முன்னறைதான் அவருக்கு உலகம். எங்கள் ஊரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். நான் அலுவலகம் விட்டுப் போகும்போது திரை வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பார். அந்த விளையாட்டில் போர்ட் பிளேர் விமான ஓடுதளம் இருந்தது. அங்கிருந்து கிளம்பி வண்டூர்ப் பக்கம் திரும்பிக் கடலைச் சுற்றிவிட்டு வருவார். ஹேடோவுக்கு மேல் வரும்போது மட்டும் தாழப் பறப்பார். விளையாட்டைச் செய்தவர்களுக்கு ஹேடோவில் ஒரு துறைமுகம் இருப்பது தெரியாதுபோல. அந்த இடத்தில் வெறும் பச்சைதான் இருந்தது, கப்பலும் இல்லை, கிரேனும் இல்லை. “அரே, என் ஜாகாவையே காணோம்” என்று சிரிப்பார். ஸ்பிரிங் அவர் கேட்டபடியே விறைப்பு. பாவம், அவர் கையால் அதை முழுதாகச் சாய்க்க முடியவில்லை. கொஞ்சம் சாய்ப்பார், அது கையை உதறிவிட்டு நிமிர்ந்துகொள்ளும். மறுபடி கையைத் தூக்கி வைப்பார். வியர்த்து ஊற்றும். மின்விசிறியை வேகமாக வைக்கச் சொல்வார்.

ஒரு சனிக்கிழமை மதியம் போனேன். அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் நடை சத்தம் எழவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால், அத்தானின் வலது கை மடியில் கிடக்கிறது, ஜாய்ஸ்டிக்கை இடது கை பிடித்திருக்கிறது. வலது கைக்கு வார்த்த கைப்பிடியை இடது கையால் பிடிப்பது எவ்வளவு அவஸ்தை என்று பிறகு நானே பிடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மேடை உள்ளங்கையைக் குத்தும். கட்டைவிரலுக்குப் பொத்தான் எட்டாது. அந்த அவஸ்தையோடு அவர் விமானத்தை அலுங்காமல் ஓடுதளத்தில் இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு நாளில் வரும் பழக்கம் இல்லை அது. கதவைத் தள்ளினேன். நாற்காலி கிறீச்சென்றது. நான் உள்ளே நுழைவதற்குள் வலது கை கைப்பிடிமேல் ஏறியிருந்தது. நான்தான் என்று பார்த்ததும் அவர் மூச்சு விட்டார்.

“அக்காவுக்குச் சொல்லிறாத தங்கச்சி.”

“என்னத்தைச் சொல்லக்கூடாது அத்தான்?”

“இது வராதும்மா. எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவ பாவம், கை வந்துரும்னு நம்பிக்கிட்டு இருக்கா. இருந்துட்டுப் போகட்டும்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கை வராது என்று முதலில் தெரிந்துகொண்டவளே அவள்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அன்று சாயங்காலம் அரிசிப் பையை வாங்கி உள்ளே வைக்கும் சாக்கில், அவர் இடது கையால் ஓட்டுவதை அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் அரிசியைப் புடைத்துக்கொண்டே, “எனக்குத் தெரியாதாக்கும்” என்றாள். எப்போதோ தெரியுமாம். அதனால்தான் அந்த அறைக்குள் போகும் முன்னால் வாசலிலேயே செருப்பைத் தரையில் நாலு தேய்ப்புத் தேய்த்துவிட்டுப் போகிறாளாம், அவர் கையை மாற்றிக்கொள்ள நேரம் வேண்டுமே. வீட்டுக்குள் அவள் செருப்பு போட ஆரம்பித்ததை நான் கவனித்திருந்தேன். முழங்கால் வலிக்கு டாக்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குக் கோபம்தான் வந்தது. வயதான இரண்டு பேர், ஒரே வீடு, ஒரே பொய். அவளுக்காக அவர் நடிக்கிறார், அவருக்காக அவள் செருப்பைத் தேய்க்கிறாள், நடுவில் இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொண்டு நான். நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை பேசித் தொலைத்தால் என்ன என்று கேட்டேன். “நீ போயி உன் வேலையப் பாரு” என்றாள். அதற்குப் பிறகு அவள் அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கும். மேசை துடைக்க, தண்ணீர்ச் செம்பு வைக்க, வைத்த செம்பை எடுக்க, ஜன்னல் சாத்த, சாத்திய ஜன்னலைத் திறக்க. முழங்கால் வலியோடு இப்படி நடப்பானேன் என்று தோன்றும். ஒவ்வொரு தடவையும் சரக் சரக்கென்று செருப்பு, கிறீச்சென்று நாற்காலி.

மருத்துவக் குழு நாளில் நானும் கூடப் போனேன். அத்தான் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒரு இரும்புப் பிடியைக் கொடுத்து வலது கையால் அழுத்தச் சொன்னார்கள். அத்தான் அழுத்தினார். முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. பிடியிலிருந்த அளவு முள் கொஞ்சம்தான் நகர்ந்தது. டாக்டர் நல்ல மனிதர், இன்னொரு தடவை பாருங்கள் என்று சொன்னார். அத்தான் பிடியை மேசைமேல் வைத்துவிட்டார். “பஸ் சார், போதும். மேல எரநூறு மூட்டை தொங்கும், கீழ ஆளு நிப்பான். இந்தக் கைய நானே நம்பமாட்டேன்” என்றார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். அவர் அழவில்லை. துறைமுகப் பக்கம் பார்த்தபடி, “ஸ்டிக்கு நல்ல ஸ்டிக்குதான் தங்கச்சி. கைதான் மெயின்லேண்ட்லயும் கெடைக்கல” என்றார். அந்த வார்த்தையை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஓய்வு பெறும்வரை துறைமுக வாசலில் வண்டிகளுக்குச் சீட்டுப் பார்த்து அனுப்பும் வேலை. இடது கையால் கையெழுத்துப் போடப் பழகினார், கோழி கிளறியதுபோல இருக்கும். கிரேன் இருக்கும் திசையில் திரும்பவே மாட்டார் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். இனி கை வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான், இவர்களுடைய நாடகம் முடிந்துவிடும் என்று நான் நினைத்தேன். முடியவில்லை. வேலை விட்டு வந்ததும் கணினிமுன் உட்காருவார். இவள் செருப்பைத் தேய்ப்பாள். நாற்காலி கிறீச்சிடும். வருடக்கணக்கில் அப்படியே போனது. கை எங்கே திரும்பப்போகிறது என்று நாங்கள் விட்டுவிட்ட பிறகு, எப்போதென்று சொல்லமுடியாமல், அவர் இடது கையில் பிடித்துச் சாப்பிட்ட கரண்டியை விட்டுவிட்டு வலது கையால் சாப்பிட ஆரம்பித்திருந்தார். பாதி சோறு தட்டுக்கு வெளியில்தான் விழும். பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். கிரேனைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. பிறகு குடியிருப்பைக் காலி செய்துவிட்டு மகளிடம் போய்விட்டார்கள். கப்பலில் ஏறும்போது அந்த ஜாய்ஸ்டிக்கை அவரே துணிப்பைக்குள் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

பை வந்து சேர்ந்த அன்று அக்காவுக்குப் போன் செய்தேன். டெலானிபூரில் என் குடியிருப்பில் மழை அடித்துக்கொண்டிருந்தது. ஜாய்ஸ்டிக் என்னெதிரே மேசையில், ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முகப்பவுடர் தூவி வைத்திருந்தேன். எதற்கு இதை அனுப்பினாய் என்று கேட்டேன். “நீதான வாங்குன, நீயே வச்சுக்க” என்றாள். குரலில் கோபமில்லை. இவ்வளவு நாள் கேட்காததை அப்போது கேட்டுவிட்டேன்.

“ஏன்க்கா, கடைசி வரைக்கும் அவருகிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லாமலேயே இருந்துட்டியே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு பேரும் நிம்மதியா இருந்திருக்கலாமில்ல?”

அவள் மெதுவாகச் சொன்னாள்.

“பந்தைக் குடுத்தா உருட்டிவிட்டுருவாரு. டாக்டர் சொன்னாலும் கேக்கமாட்டாரு, நான் கெஞ்சினாலும் கேக்கமாட்டாரு. ஆனா நான் உள்ள வர்ற சத்தம் கேட்டா மட்டும் அந்தக் கை மடியிலேர்ந்து எந்திரிச்சு மேல ஏறும்டி. வெளிய நின்னாலே கேக்கும், என்ன பாடு பட்டு ஏத்துறாருன்னு. மொத மொத இடது கையாலதான் தூக்கி வச்சாரு. பொறவு தன்னால ஏற ஆரம்பிச்சிருச்சு. எனக்குத் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அது மடியிலேயே கெடந்திருக்கும். சாகுற அன்னிக்கி மத்தியானம்கூட ரசஞ்சோறு பிசைஞ்சு சாப்பிட்டாரு, அந்தக் கையாலதான்.”

வேலையில்லாமல் அவள் அந்த அறைக்குள் போய்ப் போய் வந்ததெல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. மேசை, செம்பு, ஜன்னல்.

“அத்தனை தடவை நடந்தியே, உனக்கு முழங்கால் வலிக்கலையாக்கா?”

“வலிக்காம என்னடி” என்றாள்.